மூணு விரல்காரி

நேரா படு, செவ்வந்தி. போர்வையை உதைக்காத. அத்தை கதையைச் சத்தமாத்தான் சொல்லுவேன். கூடத்துல படுத்திருக்கிற உங்க அப்பத்தா காதுலயும் விழட்டும். ம் கொட்டணும், சரியா?

ஒரு சின்னப் புள்ளையோட எலும்புக்குள்ள ஒரு ஊரு. ரத்தம் செய்யுற ஊரு. அதை எப்படிச் செய்யணும்ங்கிறது ரெண்டு நீளக் கயித்துல மேடும் பள்ளமுமா பதிஞ்சு கெடக்கு. ஒண்ணு அம்மா குடுத்த கயிறு, ஒண்ணு அப்பா குடுத்த கயிறு. அந்த ஊர்ல ஒரு மூணு விரல்காரி. அவளுக்குக் கண்ணு கெடையாது, தடவித்தான் பார்ப்பா. அவளுக்குன்னு கயித்துல ஒரு எடம் இருக்கு. அங்க மூணு விரலையும் பதிச்சுக் கெட்டியாப் பிடிச்சாத்தான் மத்த ஆளுங்க வந்து வேலையைத் தொடங்குவாங்க. ம்?

அப்புறம், சர்ர்ருன்னு கயித்து மேல வழுக்கிக்கிட்டே போறா. ஓரெடத்துல ஒரு விரல் பதிஞ்சுது, மத்த ரெண்டும் பதியல. சீன்னு விட்டுட்டா. தொபுக்குன்னு வேற பக்கம் தாவுனா. அங்க ரெண்டு விரல் பதிஞ்சுது, மூணாவது நிக்கல. அதையும் விட்டா. அப்புறம் சொந்த எடத்துக்கே வந்துட்டா. ஒரு விரல் லபக், ரெண்டாவது லபக், மூணாவது... வழுக்கிருச்சு! அங்க ஒரே ஒரு மேடு மாறிக் கெடக்கு. திரும்பப் பிடிக்கிறா, திரும்ப வழுக்குது. அடுத்த கயித்துக்கு ஓடுறா. அங்கயும் அதே கோளாறு.

அப்போ ஊரே அவளைத் திட்டுது. "கையாலாகாதவளே, உன்னாலதான் ரத்தம் ஊறல!" அவளுக்கு வந்துச்சு பாரு கோபம். "என் விரல்ல என்ன குத்தம்? கயித்தைத் தடவிப் பாருங்கடா!"

என்னது? அப்போ கயிறு குடுத்த அம்மா மேலதான் தப்பா? யாருடி உனக்குச் சொன்னா? உங்க அப்பத்தாதானே? "ராசி கெட்டவ, புள்ளைக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்த வச்சுட்டா"ன்னு சொல்லித்தான் உங்கம்மாவைப் பொறந்த வீட்டுக்குத் துரத்திவிட்டுச்சு. கொஞ்சமாவது வாய் கூசுச்சா? உங்கப்பன் குடுத்த கயித்துலயும் அதே மேடுதாண்டி மாறியிருக்கு! அவன் ரத்தத்தைச் சோதிச்சு டாக்டர் சொன்னாரே, அப்போ எல்லார் வாயிலயும் என்ன கொழுக்கட்டையா? அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் இன்னொரு கயிறு நல்லாருந்துச்சு, தப்பிச்சாங்க. உனக்கு ரெண்டுமே இப்படி அமைஞ்சுபோச்சு. யாரும் வேணும்னு குடுக்கலடி கண்ணு. அவங்களுக்கே தெரியாது.

அழுவாத. விடிஞ்சதும் நானே போயி உங்கம்மாவைக் கூட்டிட்டு வாரேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்த ஊசி போடுறப்ப அவதான் உன் பக்கத்துல இருப்பா. எவன் வாசல்ல மறிக்கிறான்னு பார்த்துடறேன்.

எம்மா, கூடத்துல தூங்குற மாதிரி நடிக்காத! நம்ம வீட்டு ரத்தம்னு பெருமை பேசுவியே, அந்த ரத்தத்துலேர்ந்துதான் இந்தக் கோளாறுல பாதி வந்துச்சு. நாளைக்கு அவ வந்து நின்னா, வா தாயின்னு கூப்பிடு. கூப்பிடலைன்னா நானும் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்.

கதை அவ்ளோதான் செவ்வந்தி. கண்ணை மூடு.