சொட்டும் சாட்சி

பழைய பைக் பந்தயத்துக்கு விதி ஒன்றுதான். இன்ஜின் அந்தக் காலத்ததாகவே இருக்க வேண்டும். கொடி காட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

பம்ப் பட்டறையில் லேத் ஓட்டும் பொங்கியண்ணன் முதல்முறையாகப் பந்தயத்துக்கு வந்திருந்தான். கிளப் தலைவர் வெங்கடபதி, மில் முதலாளி, அவனை மறித்தார். அவருடைய வண்டியும் அதே அறுபத்தொன்றாம் வருட மாடல்தான்.

"அறுபத்தொண்ணுல வாங்குன ரசீதைக் காட்டு. இல்லேன்னா வீட்டுக்குப் போ."

"எங்கப்பா பழைய இரும்புக் கடையில எடுத்த வண்டிங்க. ரசீதுக்கு எங்கீங்க போவேன்? வண்டிக்கடியில பாருங்க, அதுதானுங்க சாட்சி."

கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் தேங்கியிருந்தது. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த மாடல் ஒழுகாமல் நின்று எவனும் பார்த்ததில்லை.

"உங்க வண்டிக்கடியில காஞ்சு கெடக்குதுங்களே, முதலாளி. ஒண்ணு, உள்ள ஆயிலே இல்லீங்க. இல்லீன்னா இன்ஜின் புதுசுங்க."

"என்னுது அசல் இன்ஜின். ஆயில்தான் இன்னும் ஊத்தல" என்றார் வெங்கடபதி, சட்டென்று.

"அப்படீங்களா? காத்தால எல்லாரும் பார்க்க அதுலதானுங்களே ரெண்டு ரவுண்டு வந்தீங்க. ஆயில் இல்லாம ஓட்டியிருந்தா இன்ஜின் அங்கயே இறுகி நின்னுருக்குமேங்க."

எனக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை.

"யார் ஓட்டறீங்க, யார் போறீங்க? சீக்கிரம் சொல்லுங்க" என்றேன்.

வெங்கடபதி தன் வண்டியை டெம்போவில் ஏற்றச் சொன்னார். நான் கொடியை இறக்கினேன்.

ஒன்பது பேர் ஓட்டினார்கள். பொங்கியண்ணன் ஒன்பதாவதாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து நின்றான்.

"ஒருத்தனையாவது முந்துனியாடா?" என்றேன்.

"முதலாளியைத்தானுங்க. கிளம்பறதுக்கு முன்னாலயே."