முள்ளை மூடிய மரவுரி

மழைக்காலம் முடிந்த பிறகும் மூட்டம் விலகாத ஒரு காட்டில், ஊசிமூக்கி என்று ஒரு தையல்சிட்டு இருந்தாள். கட்டைவிரல் உயரம்தான் இருப்பாள். ஆனால் அவள் அலகால் துளையிட்டு, சிலந்தி நூல் கோத்து, ஓர் இலையோடு இன்னோர் இலையைச் சேர்த்தால், ஒட்டு எங்கே இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

குழந்தைகளே, அந்தக் காட்டுப் பெண்களுக்கு ஆண்டில் ஒரே ஒரு நாள் திருநாள். கோங்க மரம் பூத்ததும் ஒரு பகல் முழுவதும் பொய்கைக் கரையில் கூடுவார்கள். பாடுவார்கள், பழங்களைப் பகிர்ந்து தின்பார்கள், யார் என்ன உடுத்தி வந்திருக்கிறாள் என்று ஒருவரை ஒருவர் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பத்து நாள் முன்னதாகவே ஊசிமூக்கியின் அத்திமரத்தடியில் கூட்டம் சேர்ந்துவிடும்.

முதலில் யானை வந்தாள்.

"நான் நடந்தால் குன்று நடந்து வருகிறது என்கிறார்கள், தங்கச்சி. இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் என்னத்தை உடுத்துவது?"

ஊசிமூக்கி அவளைச் சுற்றி ஒருமுறை பறந்து பார்த்தாள். "குறுக்குக் கோடே உங்களுக்கு வேண்டாம், அக்கா. கழுத்திலிருந்து கால்வரை நீளக் கோடாக வாழைப்பட்டையைத் தைத்துத் தருகிறேன். பார்க்கிறவர்கள் கண் அகலத்தில் நிற்காது. மேலும் கீழும் ஓடும்."

அடுத்து நாரை வந்தாள். "எனக்கு உடம்பு என்று ஒன்று எங்கே இருக்கிறது? கழுத்தும் காலும்தான்!"

"அப்படியானால் குறுக்குக் கோடு உங்களுக்குத்தான். இடுப்பில் மூன்று அடுக்குச் சுருக்கு வைக்கிறேன். கழுத்துக்கு அகலமாக ஒரு பட்டி."

கரடிக்கு வயிறு கவலை. "மார்புக்குக் கீழே இறுக்கிக் கட்டி, அங்கிருந்து தளர விட்டுவிடுவோம். வயிறு எங்கே தொடங்குகிறது என்று உங்களுக்கே மறந்துபோகும்" என்றாள் ஊசிமூக்கி. கரடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

வந்தவர்கள் எல்லாரும் வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். ஊசிமூக்கி கிளையில் உட்கார்ந்து அலகைத் தீட்டிக்கொண்டாள். தன் கைக்கு அடங்காத உடம்பு இந்தக் காட்டில் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

எல்லாரும் போன பிறகு, புதருக்குப் பின்னால் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. முள்ளம்பன்றி ஒருத்தி தயங்கித் தயங்கி வெளியே வந்தாள். வரிமுள்ளி என்பது அவள் பெயர். மலையடிவாரத்து வளையில் தன் ஒரே மகளோடு இருப்பவள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள்.

"ஏன் அங்கேயே நிற்கிறீர்கள்? கிட்டே வாருங்கள் அக்கா, அளவு எடுக்க வேண்டாமா?"

"வேண்டாம்மா. குத்திவிடும்."

"குத்தட்டும். எத்தனை முள்மரத்தில் உட்கார்ந்து தைத்தவள் நான்!"

வரிமுள்ளி இரண்டு அடி முன்னால் வந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்:

"போன திருநாளில் முயலின் காதில் என் முள் ஒன்று பட்டுவிட்டது. தெரிந்து செய்யவில்லை. அதற்குப் பிறகு என் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை. இரண்டு பக்கமும் வெறும் தரை. பழம் பகிர்ந்தவர்கள்கூட எட்ட நின்று உருட்டிவிட்டார்கள். அழகாகத் தெரிய வேண்டும் என்று நான் வரவில்லை, தங்கச்சி. யாராவது ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும்."

ஊசிமூக்கிக்கு என்னவோ போல் இருந்தது. நார் எடுத்து அளக்கத் தொடங்கினாள். அளக்கும்போதுதான் அந்த முட்களைக் கிட்டத்தில் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள். யாரும் தீட்டாமலே அத்தனை நேர்த்தி.

"அக்கா, இந்த முதுகை மறைப்பது பாவம்" என்றாள். "முன்பக்கம் மட்டும் தளிர் வைத்துத் தைக்கிறேன். கழுத்தில் சிவப்பாக ஒரு கரை. முதுகு அப்படியே திறந்திருக்கட்டும். அந்தக் கறுப்பு வெள்ளைக்கு இந்தச் சிவப்பு எடுப்பாக இருக்கும்."

"முதுகு திறந்திருந்தால் என்னைப் பார்த்து விலகிப் போவார்களே?"

"விலகி நின்றாவது முதலில் பார்க்கட்டும். பார்த்தால் தானாகக் கிட்டே வருவார்கள்."

வரிமுள்ளி அரைமனதோடு சரி என்றாள்.

இரண்டு நாளில் தையல் முடிந்தது. அதைக் கிளையில் மாட்டி வைத்திருந்தபோது மந்தி வந்தாள். அவளுக்கு வாய்தான் நீளம். மாட்டியிருந்ததைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"வரிமுள்ளி அக்காவுக்கு."

"முதுகைக் காணோமே! இலை தீர்ந்துபோயிற்றா, இல்லை உன் திறமை தீர்ந்துபோயிற்றா?"

"அவளுக்கு இதுதான் அழகு" என்றாள் ஊசிமூக்கி.

"முடியாததையெல்லாம் அழகு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது" என்று மந்தி பல்லைக் காட்டினாள். "குன்றை மறைத்தாய், நாரையை மறைத்தாய், நாலு முள்ளை மறைக்க முடியவில்லை. பொய்கைக் கரையில் எல்லாரும் கேட்பார்கள், பார்த்துக்கொண்டே இரு. 'ஐயோ பாவம், ஊசிமூக்கிக்குக் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது' என்பார்கள்."

சொல்லிவிட்டு மந்தி தாவிப் போய்விட்டாள். சொன்ன சொல் போகவில்லை. ஊசிமூக்கி இரை தேடப் போனாள். அது கூடவே வந்தது. கூட்டுக்குத் திரும்பினாள், அது முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலையில் அவள் அந்தச் சிவப்புக் கரை உடையைத் தன் அலகாலேயே பிரித்துப் போட்டாள்.

ஆத்திமரத்துப் பட்டையை உரித்து, நீரில் ஊறவைத்து, கல்லில் தட்டித் தட்டி மரவுரி ஆக்கினாள். முள் வெளியே துருத்தாதபடி உள்ளே இலவம்பஞ்சைத் திணித்தாள். மேலே புங்கந்தளிரை அடுக்கினாள். வயிற்றுக்குக் கீழே இறுக்கிக் கட்ட ஏழு நார்முடிச்சுகள். இத்தனை பாடுபட்டு அவள் எதையும் தைத்ததில்லை.

திருநாள் அன்று காலையில் வரிமுள்ளி மகளையும் அழைத்துக்கொண்டு வந்தாள். ஊசிமூக்கி முட்களைப் படிய வைத்து, மரவுரியைப் போர்த்தி, முடிச்சுகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். கடைசி முடிச்சு விழுந்ததும், வரிமுள்ளி பாறைக் குழியில் தேங்கியிருந்த நீரில் தன்னைப் பார்த்தாள். வழவழப்பான முதுகும் ஒடுங்கிய இடுப்புமாக வேறு யாரோ ஒருத்தி அங்கே நின்றாள்.

"நானா இது?"

"நீங்களேதான், அக்கா."

"அம்மா, நானும் வருகிறேன்" என்று மகள் காலைச் சுற்றினாள்.

"நீ சின்னவள். வளையில் இரு. வரும்போது உனக்குப் பழம் கொண்டு வருகிறேன்." மகளை அனுப்பிவிட்டு வரிமுள்ளி முதுகை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். அவள் முகம் சற்றே மாறியது. "தங்கச்சி, மூச்சு விட முடிகிறது. ஆனால் முள்ளைச் சிலிர்க்க முடியவில்லையே?"

ஊசிமூக்கிக்கு அது காதில் நன்றாகவே விழுந்தது. ஒரு கணம் அலகு அந்த முடிச்சின் பக்கம் போகவும் செய்தது. ஆனால் பொய்கைக் கரையில் மந்தி காத்திருப்பாளே என்ற நினைப்பு வந்தது.

"ஒரு பகல்தானே, அக்கா! திருநாளில் யாரோடு சண்டை போடப் போகிறீர்கள்?" என்றாள்.

பொய்கைக் கரையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். வரிமுள்ளி வந்ததும் பாட்டு நின்றது.

"யார் இது, புதிதாக?"

"அட, நம் வரிமுள்ளி!"

"எங்கே உன் முள்ளெல்லாம்?"

மான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இன்னொரு பக்கம் முயல் வந்தாள். போன ஆண்டு காதில் முள் குத்திய அதே முயல். பேச்சு வாக்கில் அவள் வரிமுள்ளியின் தோளில் சாய்ந்துகொண்டு, "எவ்வளவு மெத்தென்று இருக்கிறாய்!" என்றாள். வரிமுள்ளி அசையவே இல்லை. அசைந்தால் முயல் எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தவள்போல, அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்ததை மேலே கிளையிலிருந்து ஊசிமூக்கி பார்த்தாள்.

மந்தி ஊசிமூக்கியின் அருகில் வந்து, "ஒப்புக்கொள்கிறேன் அம்மா, உன் கையே கை" என்றாள். ஊசிமூக்கி வாலைத் தூக்கிக்கொண்டு கிளைக்குக் கிளை தாவினாள்.

பிற்பகலில் மூட்டம் இறங்கியது. சாரலும் தூறத் தொடங்கியது. யானை தன் கூட்டத்தோடு கிழக்கே போய்விட்டாள். நாரை பறந்துவிட்டாள். மானும் முயலும் வரிமுள்ளியும் பேசிக்கொண்டே நாணல் பாதை வழியாகத் திரும்பினார்கள். ஊசிமூக்கி மேலே பறந்து வந்தாள், இன்னும் கொஞ்சம் புகழ்ச்சி காதில் விழாதா என்று.

நாணலுக்குள்ளிருந்து சிறுத்தை எழுந்தது.

மான் ஒரே பாய்ச்சலில் மறைந்தாள். முயல் புதருக்குள் புகுந்து போனாள். குட்டைக் காலை வைத்துக்கொண்டு வரிமுள்ளி எங்கே ஓடுவாள்? அவள் ஓடவும் முயலவில்லை. அவள் தாய் செய்ததை, தாயின் தாய் செய்ததைச் செய்தாள். முதுகைச் சிறுத்தைக்குக் காட்டித் திரும்பி நின்று, பின்காலால் நிலத்தை உதைத்தாள்.

சிறுத்தை சட்டென்று நின்றது. முள்ளம்பன்றியின் முள் ஒன்று பாதத்தில் ஏறினால் எத்தனை மாதம் நொண்ட வேண்டும் என்று அதற்குத் தெரியும். காதை விடைத்துக்கொண்டு, முட்கள் கலகலக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தது.

சத்தம் வரவில்லை.

"சிலிர்த்துக்கொள்ளுங்கள், அக்கா!" என்று ஊசிமூக்கி மேலிருந்து கத்தினாள்.

"முடியவில்லை! அவிழ்த்துவிடு, தங்கச்சி, அவிழ்த்துவிடு!"

ஊசிமூக்கி கல்லைப்போல் கீழே விழுந்து முடிச்சில் அலகை வைத்தாள். தூறலில் நனைந்து நார் இறுகிப் போயிருந்தது. ஒரு முடிச்சு அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது. மூன்றாவதை அவள் கடிக்கும்போது சிறுத்தை மெல்ல ஓர் அடி எடுத்து வைத்து முகர்ந்து பார்த்தது. புங்கந்தளிரின் வாசனைதான் வந்தது.

பிறகு அது தயங்கவில்லை. பாதத்தால் அது விட்ட ஓர் அறையில் ஊசிமூக்கி முட்புதருக்குள் போய் விழுந்தாள்.

அவள் தள்ளாடி எழுந்து வந்தபோது பாதையில் யாரும் இல்லை. மிதிபட்ட நாணலும், கிழிந்த மரவுரியும் கிடந்தன. இலவம்பஞ்சு மட்டும் ஈரத்தில் எழ முடியாமல் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

முயல் புதரிலிருந்து எட்டிப் பார்த்து, நடுங்கிக்கொண்டே தன் வளைக்கு ஓடினாள். மந்தி அந்தப் பக்கமே வரவில்லை.

ஒரு சிறகு தொங்க, பறந்தும் தத்தியும் ஊசிமூக்கி மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வளையின் வாசலில் வரிமுள்ளியின் மகள் காத்திருந்தாள். யாரோ வருவதைக் கண்டதும் அவள் முதுகில் முளைத்திருந்த குட்டி முட்கள் சட்டென்று நிமிர்ந்தன. யார் என்று தெரிந்ததும் படிந்தன.

"அம்மா பின்னால் வருகிறாளா, அத்தை?"

ஊசிமூக்கி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். மந்தி சொன்னதையும், சிலிர்க்க முடியவில்லை என்று வரிமுள்ளி சொன்னதையும், தான் அதற்கு என்ன பதில் சொன்னாள் என்பதையும் சொன்னாள்.

 தூறல் வளைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாராவது அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்களா?" என்று கடைசியில் மகள் கேட்டாள்.

"உட்கார்ந்தார்கள். முயல் தோளில் சாய்ந்துகொண்டாள்."

"அம்மா அழகாக இருந்தாளா?"

"இருந்தாள்" என்றாள் ஊசிமூக்கி.  "நான் தைப்பதற்கு முன்னாலேயே அழகாகத்தான் இருந்தாள், கண்ணு."

குட்டி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது உனக்குத் தெரியும் என்றால், ஏன் அத்தை அதைத் தைத்தாய்?"

 அதன் பிறகு ஊசிமூக்கி தன் கூட்டைத் தவிர வேறெதையும் தைக்கவில்லை. பழம் பொறுக்கி வந்து அந்த வளையின் வாசலில் போடுவாள். குட்டி அவற்றைத் தின்றாள், வளர்ந்தாள். ஆனால் அன்றைக்குப் பிறகு ஊசிமூக்கியோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நீதி: உடலுக்கு ஏற்ற உடையே அழகு, ஊர் வாய்க்கு அஞ்சி உடலை ஒடுக்கும் உடை உயிருக்கே பகை.