மாமன் மடி

"கனம் தாங்க முடியல தாயி. இதை வலிக்காம சுமக்க ஒரு வழி சொல்லுங்க."

மடத்துக்குள் வந்து நின்றதும் ஆவுடையப்பன் சொன்னது இதுதான். ஐம்பத்திரண்டு வயது மனிதர், கல்குவாரி முதலாளி. நாலு ஊருக்கு அண்ணாச்சி. அவர் கைகட்டி நின்றது முப்பத்தெட்டு வயதுப் பெண் முன்னால். அந்த மலையடிவார மடத்தில் தினமும் நூறு பேருக்குச் சமைத்துப் போடுகிறவர். அடுக்களைச் சாமி என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

"எதை அண்ணாச்சி?"

சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்பில் கைத்துப்பாக்கி. ஒரு கிலோவுக்குக் குறையாது.

சாமி பார்த்தார். பிறகு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

விடுவாரா அண்ணாச்சி? பின்னாலேயே போய்ப் புலம்பித் தீர்த்தார். இடுப்பில் செருகினால் குத்துகிறது. உறை தைத்துக் கக்கத்தில் மாட்டினால் கை தூக்க முடியவில்லை. முதுகுப் பக்கம் வைத்தால் நாற்காலியில் சாய வழியில்லை. பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வருஷம் ஒன்றாகிறது.

"உங்க கால்ல விழக்கூட முடியல, பாருங்க."

"விழ வேண்டாம். எதுக்கு இது?"

"தங்கச்சி புருசனை வெட்டிட்டானுவ தாயி. அடுத்தது நான்தான்னு சொல்லிவிட்டிருக்கானுவ. லைசென்ஸ் வாங்கித்தான் வச்சிருக்கேன், திருட்டுத்தனம் ஒண்ணும் இல்ல."

"கழட்டினதே இல்லையா?"

"தேர்தல் சமயத்துல போலீஸ் ஸ்டேஷன்ல வாங்கி வச்சுக்கிட்டாங்க. நாப்பது நாள்."

"அப்ப வலி விட்டுதா?"

அண்ணாச்சி யோசித்தார். வெறும் இடுப்பைத் தடவிக்கொண்டே அலைந்த நாட்கள் அவை. அப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தார்.

"இல்ல," என்றார். சொன்ன பிறகு அவருக்கே என்னமோ போல் இருந்தது.

"சரி, இன்னைக்கு என்ன அவசரம்?"

"நாளைக்குத் தங்கச்சி மகனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துறோம். ஒன்பது மாசப் பிள்ளை, தகப்பன் முகமே பாக்காதவன். மாமன் மடியிலதான உக்கார வைக்கணும்? பிள்ளைக்கும் குத்தக்கூடாது, வந்தவங்களுக்கும் தெரியக்கூடாது. எங்க வச்சா சரியா வரும்?"

"வீட்டுல வச்சுட்டுப் போங்க."

"அவனுவ வந்தா? பிள்ளையை யாரு தாயி பாக்கது?"

வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பயம். பெற்ற பிள்ளை இல்லாத மனிதருக்கு அந்தச் சின்னப் பயல்தான் உசிர்.

சாமி எழுந்து மூலைக்குப் போனார். பெரிய பூசணிக்காய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இப்படி உக்காருங்க அண்ணாச்சி."

ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். பூசணிக்காய் மடியில் இறங்கியது.

"கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க. தோல் சீவணும்."

இதென்ன கூத்து என்று நினைத்தாலும் ரெண்டு கையாலும் பிடித்தார். சாமி எதிரே குந்தி உட்கார்ந்து கத்தியை வைத்தார். தோல் சுருள் சுருளாக விழுந்தது.

"அசைக்காதீங்க."

"அசைக்கல தாயி."

"மூச்சை ஏன் பிடிச்சிருக்கிய? சும்மா விடுங்க."

விட்டார். பாதிக் காய் வெளுத்தாயிற்று. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

வாசலில் பைக் ஒன்று உறுமிக்கொண்டு வந்து நின்றது. யாரோ தடதடவென்று உள்ளே ஓடி வருகிற சத்தம்.

அண்ணாச்சியின் வலது கை இடுப்புக்குப் பறந்தது.

பூசணிக்காய் புரண்டது. சீவிக்கொண்டிருந்த கத்தி வழுக்கி நாலு விரல் ஆழம் அதில் இறங்கியது. காய் மடியை விட்டு உருண்டு, கல்தரையில் மோதிப் பிளந்தது.

"எக்கா, பால்," என்றார் பால்காரர், கேனோடு வாசற்படியில். "லேட்டாயிருச்சு, அதான் ஓடியாந்தேன்."

பால்காரர் கேனை வைத்துவிட்டு நழுவினார்.

தரையெல்லாம் விதையும் சாறும். சாமி கத்தியை உருவித் துடைத்தார். அண்ணாச்சியைப் பார்த்தார். அவர் கை இன்னும் இடுப்பிலேயே இருந்தது.

"நல்லவேளை அண்ணாச்சி," என்றார் சாமி. "பூசணிக்கா."