புளி வண்டி திரும்பும் வழி

அந்தக் காலத்தில் மருதவேலி என்று ஒரு நாடு. அதை ஆண்டவன் அதிரவீரன். கெட்ட ராஜா இல்லை, ஆனால் எதையும் விடமாட்டான். கால் ஒடிந்த கட்டில், தாத்தா ஏறிய பல்லக்கு, செத்துப்போன கிளியின் கூண்டு, எல்லாம் அரண்மனையில் கிடக்கும். மந்திரி உடையப்பரையும் அப்படித்தான் விடாமல் வைத்திருந்தான்.

உடையப்பருக்கு ஊர் மலைக்கு அந்தப் பக்கம், புளியங்குறிச்சி. படுத்த படுக்கையான அப்பாவையும் புளியந்தோப்பையும் விட்டு வரமுடியாமல் மனைவி வேலம்மை அங்கேயே இருந்தாள். இவர் விடுப்பு கேட்டால் ராஜா, "மழை வரட்டும்" என்பான். மழை வந்தால் "மழை நிற்கட்டும்" என்பான்.

சந்தை நாளில் புளியங்குறிச்சி வண்டிகள் மூட்டையோடு மலை இறங்கி வரும். புளியை விற்றுவிட்டுச் சாயங்காலம் காலியாகத் திரும்பும். உடையப்பர் கோட்டை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வண்டிக்காரன் கருத்தான் மாட்டை நிறுத்தி, "அம்மா கேட்டாங்க" என்பான். வேலம்மை என்ன கேட்டாள் என்று இவர் விசாரிக்க மாட்டார். மாட்டு மணிச் சத்தம் மலையில் தேய்ந்து போகிறவரை நின்றுவிட்டு உள்ளே போவார்.

இப்படி இருக்கும்போது ராஜா மலைமேல் புது அரண்மனை கட்டினான். குடிபோக ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். சாமான் ஏற்றும் பொறுப்பு வல்லபராயருக்கு. சபையில் பெரிய ஆள்தான். ஆனால் ராஜா உடையப்பரிடம் ஒரு யோசனை கேட்டாலே அவருக்கு வயிறு எரியும்.

"வண்டிக் கூலி ஆயிரம் பொன் ஆகும், மகாராஜா."

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதோ தெரிகிற மலைக்கா ஆயிரம்?"

"வண்டிக்காரர்கள் கேட்கிறார்கள், நான் என்ன செய்ய? வேண்டுமானால் நம் மந்திரியார் நூறு பொன்னில் முடித்துக் காட்டட்டுமே."

"என்ன உடையப்பரே, முடியுமா?"

"முடியும். முடித்தால் எனக்கு விடுப்பு வேண்டும்."

"முடிக்காவிட்டால்?" வல்லபராயர் முந்திக்கொண்டார். "ஆயுசுக்கும் ஊர்ப்பேச்சே எடுக்கக்கூடாது."

ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. உடையப்பர் தலையை ஆட்டினார்.

"ஆயிரம் எப்படி வந்தது என்று பாருங்கள், மகாராஜா. தூரத்துக்கு ஆகிற கூலி கொஞ்சம்தான். உங்களோடு சபையில் இருக்கிற பெரிய வீடுகள் எல்லாம் அதே முகூர்த்தத்தில் கிளம்புகின்றன. எல்லாரும் ஒரே நாளில் வண்டி தேடினால், வண்டிக்காரன் சொன்னதுதான் வாடகை. நாம் மூட்டை கட்டி முடிக்கிறவரை மாடு சும்மா நிற்கும், அதற்கும் கூலி. இதெல்லாம் போக, அந்தக் கிளிக்கூண்டு."

"கூண்டைப் பற்றிப் பேசாதீர்."

"பேசவில்லை."

முகூர்த்த நாள் வந்தது. ஊரெல்லாம் வண்டிக்கு அடித்துக்கொண்டது. ராஜா கையில் ஒரு பால்குடம். உடையப்பர் கையில் உப்பும் மஞ்சளும், கக்கத்தில் ஒரு பாய். இவ்வளவுதான் மலை ஏறியது. புது அடுப்பில் பால் காய்ச்சினார்கள். பொங்கியது.

"குடிவந்தாயிற்று, மகாராஜா. முகூர்த்தம் நமக்குத்தான். கட்டிலுக்கும் பெட்டிக்கும் இல்லை. அவை எந்த நாளிலும் வரலாம்."

"எதில் படுக்க?"

"பாய் இருக்கிறது. எது இல்லாமல் மனசு ஏங்குகிறதோ, அதைச் சொல்லுங்கள். வந்து சேரும்."

வல்லபராயர் பழைய அரண்மனையில் சாமானுக்குக் காவல் இருந்தார். "முதுகு வலித்ததும் அந்தப் பாயாலேயே மந்திரிக்கு அடி விழும், பாருங்களேன்" என்று சிரித்தார்.

மறுநாள் ராஜா மெல்ல வந்தான். "உடையப்பரே, அந்தக் கூண்டு." முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டான். உடையப்பர் சிரிக்கவில்லை.

மேலே இருந்து கேட்ட சாமானைக் கீழே ஆட்கள் முன்கூட்டியே கட்டிப் பழைய அரண்மனை வாசலில் வைத்தார்கள். காலியாக மலை ஏறும் புளி வண்டிகள் அதைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தன. எப்படியும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். கருத்தானும் கூட்டாளிகளும் சொற்பக் கூலிக்குச் சம்மதித்தார்கள். கூண்டு வந்தது. பிறகு நல்ல கட்டில், வாள், சமையல்காரரின் அம்மி, ராணியம்மாவின் பெட்டிகள். சந்தைக்குச் சந்தை கேட்கிற சாமான் குறைந்துகொண்டே வந்தது. பல்லக்கை யாரும் கேட்கவில்லை.

சாமானை இறக்கிவிட்டு வண்டிகள் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போகும். பின்வாசலில் நின்றால் புளியந்தோப்பு கறுப்பாக, கை அகலத்துக்குத் தெரியும். பக்கத்தில் வந்தால் ஏக்கம் குறையும் என்று உடையப்பர் நினைத்திருந்தார். கூடித்தான் போனது.

கடைசியில் ஒரு சந்தை நாளில் ராஜா, "எனக்கு இனி எதுவும் வேண்டாம்" என்றான். கணக்குப் பார்த்தார்கள். நூறில் பாதிகூடத் தீரவில்லை.

அந்த நேரம் பார்த்து வல்லபராயர் வியர்க்க விறுவிறுக்க மலை ஏறி வந்தார். "மகாராஜா, இத்தனை நாளாக என்னைக் கூப்பிடவே இல்லையே."

உடையப்பர் மெதுவாகச் சொன்னார்: "மகாராஜா கேட்டதெல்லாம் வந்துவிட்டது, ராயரே."

ராஜா அடக்கமுடியாமல் சிரித்தான். "பல்லக்குக்குக் காவல் வேண்டும். நீர் அங்கேயே இரும்."

வல்லபராயர் வந்த வழியே இறங்கினார். ராஜா உடையப்பர் பக்கம் திரும்பினான். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"கூண்டு வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. உமக்கு எது இன்னும் வந்து சேரவில்லை?"

"அது இங்கே வராது, மகாராஜா. நான்தான் போகவேண்டும்."

"மழை..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. ராஜா நிறுத்திக்கொண்டான். வெளியே மாட்டு மணி கேட்டது.

"அந்த வண்டி காலியாகத்தானே போகிறது?"

"ஆமாம்."

"ஏறிக்கொள்ளும்."

உடையப்பர் போட்ட துணியோடு ஏறி உட்கார்ந்தார். கருத்தான் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா கேட்டாங்க."

"என்ன கேட்டாள்?" இவர் விசாரித்தது இதுதான் முதல் தடவை.

"எப்பவும் கேக்குறதுதான். இன்னிக்கும் வண்டி காலியாத்தான் வந்துச்சான்னு."

உடையப்பர் புளியந்தோப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஓட்டு" என்றார்.