சேராங்கொட்டை எந்த ஏட்டில்?

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டை மாறவேள் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். நினைத்தது உடனே நடந்தாக வேண்டும் அவனுக்கு. ஒருநாள், "நாட்டிலுள்ள அத்தனை பொருளையும் ஏட்டில் எழுதுங்கள். ஒரு பொருளுக்கு ஒரே பேச்சு. மாற்றிச் சொல்பவன் பொய்யன், அவனுக்கு இங்கே இடமில்லை" என்று கட்டளையிட்டான்.

அந்த வேலை அமைச்சர் பூதனாருக்குப் போகாமல் தனக்கு வந்ததில் பண்டிதர் அம்பலவாணருக்குத் தலைகால் புரியவில்லை. சேராங்கொட்டையை 'நஞ்சு' என்று எழுதினார். மலையில் வைத்தியம் பார்க்கும் கொற்றி அதையே மருந்தாகக் கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், அவளைச் சபைக்கு இழுத்துவரச் செய்தார்.

"இருபது வருசமா கொடுக்கிறேன் ராசா. யாரும் சாகலை" என்றாள் கொற்றி.

"ஏட்டில் நஞ்சு என்றிருக்கிறது. இவள் பொய்க்காரி!" என்றார் பண்டிதர்.

"நாளைக்குள் நாட்டை விட்டுப் போ" என்றான் மன்னன். கொற்றியை நம்பி மலையில் ஆறு நோயாளிகள் படுத்திருந்தார்கள்.

பூதனார் எழுந்தார். "மன்னா, சட்டம் எல்லாருக்கும் பொது. மீதி ஏட்டையும் பார்த்துவிடுவோம்." புரட்டி, உரக்கப் படித்தார்: "'மன்னர் நெருப்பு.' மூன்று ஏடு தள்ளி, 'மன்னர் குளிர்நிலவு.' இரண்டும் உங்கள் கையெழுத்து. எது பொய் பண்டிதரே? அடித்துவிடுங்கள்."

பண்டிதர் இரண்டு ஏட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நெருப்பை அடித்தால் மன்னன் கோழை. நிலவை அடித்தால் கொடுமைக்காரன்.

"இரண்டும் மெய்தான்! பகைவருக்கு நெருப்பு, குடிகளுக்கு நிலவு" என்று திணறினார்.

"கொற்றி, உன் சேராங்கொட்டை எப்படி?" என்று கேட்டார் பூதனார்.

"பச்சையா தொட்டா உடம்பெல்லாம் கொப்புளம் போடும். பக்குவம் பண்ணி நஞ்சை முறிச்சா மருந்து."

"எல்லாருக்கும் குணமாகுமா?" என்று கேட்டான் மன்னன்.

"சிலபேருக்குக் கேட்கலை ராசா. ஏன்னு இன்னும் பிடிபடலை."

மன்னன் சிரித்துவிட்டான். "இத்தனை நாளில் என்னிடம் 'பிடிபடலை' என்று சொன்னவள் இவள் ஒருத்திதான். பூதனாரே, இதை எப்படி எழுதுவது?"

"யார் சொன்னது, எந்த நிலையில் என்று சேர்த்து எழுதலாம். பிடிபடாததற்கு ஏட்டில் இடம் விட்டு வைக்கலாம். நாளை தெரிந்தால் எழுதிக்கொள்வோம்."

கட்டளை மாறியது. கொற்றிக்குப் பட்டுச்சால்வையும், ஏட்டின் பொறுப்பும் கிடைத்தன. அவளுக்கு எழுதத் தெரியாது. பண்டிதர்தான் எழுத்தாணியோடு பின்னாலேயே மலையேறினார்.

மூன்றாம் நாள் ஒரு செடியைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"எனக்கும் தெரியலை சாமி. அப்படியே எழுதுங்க."

பண்டிதர் எழுத்தாணியை ஏட்டில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக எழுதினார்: 'தெரியாது.'