கல்பாசி வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில், கல்லும் காற்றும் மாடும் மனிதரும் ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, குளிர்பாறை என்ற மலையூரில் ஒரு பூ இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது. ஒரு பாறை முதுகில் ஒட்டிக்கொண்டு, கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருக்கும். ஆனால் வாசம் இருக்கிறதே, அப்பப்பா! மழை நனைத்த கல், விறகுப் புகை, விடிகாலை மஞ்சு எல்லாம் சேர்ந்த வாசம். மலையில் அதை அடித்துக்கொள்ள வேறு பூ இல்லை. அந்தத் திமிரும் அதற்கு இருந்தது. பக்கத்தில் நின்ற பெரணிச் செடியைப் பார்த்து, "உனக்கென்னப்பா கவலை, பூத்தாத்தானே வாடணும்" என்று சீண்டிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பாறையை ஒட்டித்தான் சிலம்பாயியின் அம்மா சோற்றுக்கடை வைத்திருந்தாள். சந்தைத் தெரு முடிந்து மலைப்பாதை இறங்கத் தொடங்கும் இடம் அது. பூண்டும் தேனும் கடுக்காயும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் பொதிமாட்டுக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் களியும் அவரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். குழம்புக்குத் தாளிக்கிற வேலை சிலம்பாயியுடையது.

மலையூரைப் பற்றித்தான் தெரியுமே, அங்கே எதுவும் காயாது. துவைத்த சேலை காயாது, அடுக்கிய விறகு காயாது, கழுவிக் கவிழ்த்த சட்டி காயவே காயாது. சிலம்பாயி ஈரச் சட்டியை அப்படியே அடுப்பில் தூக்கி வைத்து எண்ணெயை ஊற்றுவாள். எண்ணெய் 'சொய்ங்' என்று இழுத்து, 'சடசட சடசட' என்று வெடிக்கும். கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள்.

"ஏண்டி, சட்டியைத் தொடச்சிட்டு ஊத்துன்னு எத்தன வாட்டி சொல்றது? ஒரு நாளு மூஞ்சியில தெறிக்கப் போவுது பாரு" என்று அம்மா கத்துவாள்.

"தொடச்சா மட்டும் காஞ்சிருமாக்கும்? இந்த ஊருல எதும்மா காஞ்சிருக்கு?" என்பாள் சிலம்பாயி.

அந்தச் சடசடப்பைக் கேட்டுத்தான் பூ கண் விழிக்கும். விழித்ததும் கேட்கிற முதல் கேள்வி, "சிலம்பாயி, நீயா?" கேட்கும்போதே அதன் வாயிலிருந்து வாசம் கிளம்பி, கடை முழுக்க நிறைந்து, தெருவில் போகிறவர்களையும் சாப்பிட இழுத்து வந்துவிடும்.

"இல்ல, உன் மாமியா" என்று சிலம்பாயி அகப்பையை ஆட்டுவாள். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதே கேள்வி, இதே பதில். இரண்டு பேருக்கும் அலுக்கவே இல்லை.

பிறகு அவளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை வீடு கீழே, சமவெளியில். செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிற குடும்பம். சோற்றுக்குக் குறைவில்லாத வீடு, தங்கமான மாமியார். எல்லாம் சரிதான், ஆனால் ஊர் கீழே இருக்கிறதே! கிளம்புகிற அன்று சிலம்பாயி பாறையடிக்கு வந்து நின்றாள். பூதான் பேசியது.

"என்னையும் கூட்டிட்டுப் போ."

அவள் ஒரு கொத்தைக் கிள்ளிக் கொண்டையில் செருகிக்கொண்டாள். ஆனால் மலைப்பாதையின் கடைசி வளைவில் மலைக்காற்று குறுக்கே வந்து நின்றது. அது அங்கே காவல் இருக்கிற காற்று. கீழே இறங்குகிற எதையும் மோந்து பார்க்காமல் விடாது.

"வாசத்த வச்சிட்டுப் போ" என்றது காற்று.

"ஒரு கொத்துப் பூதானே, விட்டுரு."

"ஆளாளுக்கு ஒரு கொத்து அள்ளிக்கிட்டுப் போனா, நான் எதை வச்சு வீசுறது? வெறுங்காத்தாவா அலையச் சொல்ற? இங்க பொறந்த வாசம் இங்கதான் இருக்கணும்."

சொல்லிவிட்டுப் பறித்துக்கொண்டது. அவள் சேலையில் இருந்த அடுப்புப் புகை வாசத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. சிலம்பாயி புகுந்த வீட்டுப் படியேறியபோது கொண்டையில் நாலு வாடின இதழ்கள்தான் இருந்தன.

கீழ்நாட்டில் எல்லாமே காய்ந்தது. பிழிந்த துணி திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்தது. வாசல் தெளித்த தண்ணீர் கோலம் போட்டு முடிப்பதற்குள் காய்ந்தது. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தால் எதுவும் தெரியவில்லை அவளுக்கு. மூக்கு எதையோ தேடிக்கொண்டே இருந்தது. நாளாக ஆக வளையல் முழங்கை வரை ஏறியது. மாமியார் பயந்துபோனாள். குலசாமிக்குக் காசு முடிந்து வைத்தாள், மந்திரித்துக் கயிறு கட்டினாள், வகை வகையாய்ச் சமைத்துப் போட்டாள். ஒன்றும் இறங்கவில்லை.

ஒரு நாள் பொதிமாட்டு ஒச்சப்பன் செக்குக்கு எள் இறக்க வந்தான். சோற்றுக்கடையில் அவள் கையால் வருஷக் கணக்கில் சாப்பிட்டவன். அவளைப் பார்த்ததும், "என்ன தாயி, இப்படி உருகிப் போயிட்ட?" என்று பதறினான்.

"ஒச்சண்ணே, எனக்கு ஒரு உதவி செய்யணும். மேல போறப்ப அந்தப் பூவுகிட்ட சொல்லுங்க. வாசத்த உள்ள முழுங்கிட்டு, சருகு மாதிரி உங்க சாக்குல ஏறி வரச் சொல்லுங்க. வளைவுல காத்து என்ன கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. அது திருட்டுக் காத்து, என் குரல்லயே கூப்பிடும். நம்பக் கூடாது. குரல யாரும் போட்டுக் காட்டலாம். என் சட்டிச் சத்தம் கேட்டா மட்டும் வாயத் தொறக்கச் சொல்லுங்க."

ஒச்சப்பன் மேலே ஏறிப் பாறையடியில் நின்று, வரி பிசகாமல் சொன்னான். பூ ஒரு கணமும் யோசிக்கவில்லை. தன்னைத்தானே இரண்டாகக் கிழித்துக்கொண்டது. ஒரு பாதி போவதற்கு, ஒரு பாதி இருப்பதற்கு.

"பைத்தியமா உனக்கு? வேர் இல்லாம என்ன செய்வே?" என்று பெரணி அலறியது.

"வேர் இருந்து மட்டும் என்ன செஞ்சேன்? அவ போறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

பூ இரண்டு பாதியாலும் மூச்சை உள்ளே இழுத்தது. இருந்த வாசம் அத்தனையையும் விழுங்கிவிட்டு வாயை இறுக்கிக்கொண்டது. மூச்சை அடக்கியதில் அதன் வெள்ளை நிறம் சாம்பலாகிவிட்டது, அடிப்பக்கம் கன்றிக் கறுத்துவிட்டது. இதழ் எல்லாம் சுருண்டுபோய், பார்ப்பதற்குப் பூ என்றே தெரியவில்லை. ஒச்சப்பன் ஒரு பாதியை எடுத்துச் சாக்கில் போட்டான்.

கடைசி வளைவில் காற்று சாக்கைச் சுற்றிச் சுற்றி வந்தது. சந்தேகம் தீரவில்லை அதற்கு. திடீரென்று சிலம்பாயியின் குரலில், "வந்துட்டியா? எவ்வளவு நேரமா நிக்கிறேன் தெரியுமா? நான் இங்கதான் இருக்கேன், ஒரு வார்த்தை பேசு" என்று கூப்பிட்டது. அதே குரல், அதே செல்லம். சாக்குக்குள் பூவுக்குப் பேசிவிடலாம் என்றே தோன்றியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"சருகு. போ, போ" என்று காற்று வழிவிட்டது.

செக்கு வீட்டில் சாக்கைப் பிரித்ததும் மாமியார் எட்டிப் பார்த்தாள். "என்ன சிலம்பாயி இது, கறுத்த பட்டையாட்டம்? ஒரு வாசமும் காணோம். இதைப் போயா சொல்லி விட்ட?"

"இருங்கத்தே, பாருங்க" என்று சிலம்பாயி ஓடிப்போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். சட்டியை வைத்தாள். செக்கிலிருந்து அப்போதுதான் வந்த நல்லெண்ணெயை ஊற்றினாள். எண்ணெய் காய்ந்ததும் பூவை உள்ளே போட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

எண்ணெய் சத்தமில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. பூவுக்குச் சுட்டது. சுருண்ட இதழ்களுக்குள் என்ன இடம் என்றே தெரியாத இருட்டில் அது சூட்டைத் தாங்கிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. "நான்தான், சிலம்பாயி! வந்துட்ட, வாயத் தொற" என்று குரல் கேட்டது. ஆனால் வளைவிலும் இதே குரல்தானே கேட்டது? பூ நம்பவில்லை. ஓரமெல்லாம் கருகத் தொடங்கியது. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அதற்குக் குறி.

சிலம்பாயி துடித்துப் போனாள். "அய்யோ, கருகிப் போகுதே! நான்தான்டா செல்லம், நான்தான்" என்று அடுப்பின் முன் மண்டியிட்டுக் கெஞ்சினாள். அப்போதுதான் சட்டியைக் கவனித்தாள். சூரியன் காய வைத்த சட்டி. ஒரு சொட்டு ஈரம் கிடையாது. என் சட்டிச் சத்தம், என் சட்டிச் சத்தம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாளே, அது அவள் கைச் சத்தமா? மலையின் ஈரம் போட்ட சத்தம் அல்லவா!

"அட, கூறுகெட்டவளே!" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டு, பானைத் தண்ணீரில் கையை முக்கி, சட்டியில் உதறினாள்.

சொய்ங்... சடசட சடசட!

"சிலம்பாயி, நீயா?"

குளிர்பாறையே அந்தச் சமையல்கட்டுக்குள் வந்துவிட்டது. நனைந்த கல்லும் விறகுப் புகையும் மஞ்சும் சந்தைத் தெருவும் அம்மாவின் சத்தமும் எல்லாம் வந்தன. செக்கு மாடு சுற்றுவதை நிறுத்திவிட்டு மூக்கை உயர்த்தியது. தெருவில் தண்ணீர் எடுத்துப் போன பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள்.

"இல்ல, உன் மாமியா" என்றாள் சிலம்பாயி. சிரித்தாளோ அழுதாளோ, இரண்டும்தான்.

"என்னையவா சொல்ற?" என்று மாமியார் விழித்தாள்.

பூ மறுபடி பேசவில்லை. விழுங்கி வைத்திருந்தது ஒரே ஒரு மூச்சு, அதை அந்த ஒரு கேள்விக்குக் கொடுத்து முடித்துவிட்டது. அன்றைக்குச் சிலம்பாயி வட்டில் நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். மறு சோறும் வாங்கினாள். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒச்சப்பா, அந்தப் பட்டையாட்டம் இருந்துச்சே, அதை இன்னும் கொஞ்சம் கொண்டாப்பா" என்றாள்.

மேலே இருந்த பாதிக்கு இதெல்லாம் தெரியாதல்லவா? போன பாதி திரும்பி வந்து சொல்லவா போகிறது? ஒச்சப்பன் வந்து சொன்னால்தான் உண்டு. அவன் பாதையில் தலை காட்டியதும், "தொறந்துச்சா? அவ என்ன சொன்னா?" என்று முணுமுணுக்கும், வாசம் கசிந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்ளும். கிழிந்த இடம் வளர்ந்து கூடியிருக்கும். மறுபடி பாதியைக் கிழித்துக் கொடுக்கும். சுற்றியிருந்த பாறைகளிலும் மரங்களிலும் இருந்த அதன் சொந்தங்களும் சேர்ந்துகொண்டன. எப்போது சாக்கு வருமோ, எப்போதும் தயாராக இருக்க வேண்டுமே என்று எல்லாமே வாயை மூடிக்கொண்டு சாம்பலாய்க் கிடந்தன. பூவுக்கு ஒரே ஒரு குறைதான். கேள்வி கேட்டது கீழே, பதிலும் கீழேயே நின்றுவிட்டது. 'இல்ல, உன் மாமியா' என்று அவள் சொல்வதை மறுபடி ஒரு தடவை தன் காதால் கேட்க வேண்டும் என்று அதற்கு ஆசையாய் இருந்தது.

"இந்த வருசம் மழை விட்டதும் வர்றேன்னு சொன்னா" என்பான் ஒச்சப்பன். உண்மையில் அவள் அப்படித்தான் சொல்லி அனுப்புவாள். ஒரு வருஷம் பிள்ளைப்பேறு, ஒரு வருஷம் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, பிறகு மகள் கல்யாணம், பிறகு முட்டி வலி. மழை விடும், அவள் வர மாட்டாள். ஒவ்வொரு மழை விட்டதும் பூ பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்படியே ஒச்சப்பனுக்கும் தலை நரைத்தது. ஒரு பயணம் அவன் சாக்கோடு செக்கு வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். சாவுக்குப் போடுகிற பச்சை ஓலைப் பந்தல். யார் என்று கேட்பதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் கொண்டுவந்த சாக்கைத் தெருப் பெண்கள்தான் பிரித்து, ஆளுக்கு ஒரு கை எடுத்துக்கொண்டு போனார்கள். சிலம்பாயி கைக்குழம்பின் ருசி பழகின பெண்கள், அவளை நினைத்துக்கொண்டு எடுத்துப் போனார்கள்.

ஒச்சப்பன் மேலே ஏறினான். கடைசி வளைவில் காற்று அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் ஒதுங்கிக்கொண்டது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒச்சப்பன் ஏறினான். இனிமேல் கிழித்துக்கொள்ள வேண்டாம், வாயைத் திற, பழையபடி வெள்ளையாய்ப் பூத்துக்கொள் என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அந்த வார்த்தைகளை வாய்க்குள்ளேயே உருட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பாறையடிக்கு வந்ததும் பூ முந்திக்கொண்டது. "ஒச்சண்ணே, சிலம்பாயி எப்படி இருக்கா? முட்டி வலி தேவலையா?"

ஒச்சப்பன் நின்றான். பக்கத்தில் மாடு அவனை ஒரு பார்வை பார்த்து, "சொல்லிருங்க" என்று மெதுவாகச் சொன்னது.

"நல்லா இருக்கா" என்றான். "எண்ணெய் காய வச்சுட்டு உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கா."

"அப்புறம் ஏன் நின்னுக்கிட்டிருக்கீங்க? சாக்க விரிங்க" என்றது பூ.

ஒச்சப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கை விரித்தான்.

அதனால்தான் அந்தப் பூ, இன்று கல்பாசி என்று நாம் சொல்கிற பூ, மலையில் எத்தனை தடவை முகர்ந்து பார்த்தாலும் மூச்சு விடாமல் கிடக்கிறது. எந்த ஊரில், யார் வீட்டு அடுப்பில் எண்ணெய் சடசடத்தாலும் அது அவள்தான் என்று நம்பி வாயைத் திறந்து, "சிலம்பாயி, நீயா?" என்று இருக்கிற ஒரே மூச்சையும் கேட்டுத் தீர்த்துவிடுகிறது.