நரியாரின் மதிப்புரை

கௌதாரிக்கு ஒரே சந்தேகம். குளத்தங்கரைப் பாறையில் உட்கார்ந்து பாட்டுக்கெல்லாம் மதிப்புரை சொல்கிற நரியார், பாட்டைக் கேட்கிறாரா இல்லையா?

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுப்பாட்டு கட்டியவர் ஒரு கொத்து நாவல் பழத்தோடு போய் முதலில் நரியாரிடம் பாடிக் காட்ட வேண்டும். அவர் மதிப்புரை சொன்ன பிறகுதான் முதல்மழைக் கூட்டத்தில் பாடலாம். கூட்டம் பாதியில் எழுந்து போனால் அவ்வளவுதான், அந்தப் பாட்டை அப்புறம் யாரும் சீண்ட மாட்டார்கள். கௌதாரி நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கட்டிய பாட்டு அது. குட்டியைப் புலிக்குப் பறிகொடுத்த ஒரு மானின் கதை.

நரியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அருமை! நெஞ்சை உருக்கிட்டே" என்றார்.

கௌதாரிக்குச் சுருக்கென்றது. நேற்றுக் குரங்கின் கேலிப் பாட்டுக்கும் இவர் நெஞ்சு உருகியதே!

பக்கத்துச் சேற்றில் கிடந்த ஆமை தலையை நீட்டியது. "ரெண்டாம் சரணத்துல குட்டியைப் புலி தின்னுடுச்சு. அஞ்சாம் சரணத்துல அதே குட்டி புல் மேயுதே, எப்படிம்மா?"

"உனக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டுக் கௌதாரி விறுவிறுவென்று போய்விட்டது. ஆனால் மனம் கேட்கவில்லை. புதருக்குள் உட்கார்ந்து மறுபடி பாடிப் பார்த்தது. குட்டி மேய்ந்துகொண்டுதான் இருந்தது. கௌதாரிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் இன்னொரு பழக்கொத்தோடு நரியாரிடம் போனது. "பாட்டை மாத்தியிருக்கேன் ஐயா." பாடாமல், வெறுமனே மூன்று தடவை கத்திவிட்டு நிறுத்தியது.

நரியார் பழத்தை மென்றபடியே சொன்னார்: "அருமை! நெஞ்சை உருக்கிட்டே."

கௌதாரி நேரே சேற்றுக்குப் போனது. "ஆமையண்ணே, கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவை கேக்குறீங்களா?"

முதல்மழை பெய்தது. கௌதாரி பாடி முடிக்கும்வரை ஒருவரும் அசையவில்லை. மான்கள் வாய்விட்டு அழுதன.

நரியார் துள்ளி எழுந்தார். "நெஞ்சை உருக்கும்னு நான்தான் முதல்ல சொன்னேன்!"

"ஆமாங்க ஐயா" என்றது கௌதாரி. "அந்தக் குட்டி கடைசியில என்ன ஆச்சு?"

நரியார் விழித்தார். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "அது... எங்கயாவது மேஞ்சுக்கிட்டு இருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து அந்தப் பாறைக்கு ஒரு நாவல் பழமும் போகவில்லை.

கேட்காமல் சொல்கிற புகழ்ச்சியை நம்பாதே, கேட்டுவிட்டுச் சொல்கிற குறையைத் தள்ளாதே.